ஒன்பது சுவர், எட்டு அறை

தையல்நாயகி பள்ளிக்கூடச் சாரத்தின் ஐந்தாம் அடுக்கிலிருந்து விழுந்தாள். விழுந்து எழுந்தபோது மூங்கிலாக இருந்தாள். இதில் நம்புவதற்கும் ஒன்றுமில்லை, நம்பாமல் இருப்பதற்கும் ஒன்றுமில்லை. நடந்தது. ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை, பத்து மணி டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால்.

நான் கீழே நின்றேன். நாற்பத்தாறு வருஷமாக வடமணக்குடியில் சாரம் கட்டுகிற மேஸ்திரி நான். விழுந்த மரத்தைப் பார்த்திருக்கிறேன், விழுந்த ஆளையும் பார்த்திருக்கிறேன், ஆள் விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். தையலு விழுந்தபோது அந்தச் சத்தம் வரவில்லை. பாதம் முதலில் மண்ணில் பட்டது, அப்புறம் இடுப்பில் வளைந்தாள், வளைந்து வளைந்து நெற்றி மண்ணைத் தொட்டது, தொட்ட வேகத்திலேயே விர்ரென்று நிமிர்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, இந்தப் பக்கம் சாய்ந்து, மூன்று தடவை ஆடி, நான்காவது தடவை நேராக நின்றாள். தலைமுடியெல்லாம் மண். சாந்துச் சட்டி இருபது அடி தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது.

"என் சும்மாடு எங்க விழுந்துச்சு?" என்றாள்.

அவள் புருஷன் ரெத்தினவேல் நாலாம் அடுக்கில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன், எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது, வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். டொக் என்றது. அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், அப்புறம் படத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். உச்சியிலிருந்து குதிகால் வரைக்கும் உள்ளே ஒன்றுமில்லை. இடையிடையே குறுக்குக் கோடு மட்டும் ஒன்பது. உச்சியில் ஒன்று, குதிகாலில் ஒன்று, நடுவில் ஏழு.

"வலி இருக்கா?"

"பசிக்குது டாக்டரம்மா."

"அப்ப வீட்டுக்குப் போங்க" என்றார். வேறென்ன சொல்வார்.

உள்ளே ஒன்றுமில்லையாம் என்கிற பேச்சு அவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் எட்டுத் தெருவும் சுற்றி வந்துவிட்டது. எங்கள் ஊரில் தெரு எட்டுதான். முதல் வாரம் எட்டுத் தெருவும் வந்து அவளைத் தட்டிப் பார்த்தது. ரேஷன் கடைக்காரர் தராசில் ஏறச் சொன்னார். பதினாறு கிலோ இருந்தாள். கார்டில் இவளை முழு ஆளாக வைப்பதா, அரை ஆளாக வைப்பதா என்று தாலுகா ஆபீசுக்கு எழுதிக் கேட்டார். முழு ஆள் சாப்பாடு சாப்பிட்டால் முழு ஆள்தான் என்று பதில் வந்தது. சாப்பிட்ட சோறு எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் ஏழாம் வகுப்பை வரிசையாகக் கூட்டி வந்தார், பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்கள். ஆடி மாதம் காற்று எழும்பியதும் அவள் கடைத்தெருவுக்குப் போகும்போது தலையில் அம்மிக்கல்லைச் சுமந்துகொண்டு போனாள், இல்லையென்றால் வாய்க்காலில் கொண்டுபோய்ப் போட்டுவிடும் என்று, பார்த்தவர்கள் முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாள் "என்ன தையலு, கல்லு கொத்தியாச்சா?" என்று கேட்டார்கள், மூன்றாம் நாள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஒரு ஊருக்கு மூன்று நாள் போதும், எதுவும் பழகிவிடும்.

பழகாதவள் ஒருத்திதான். ரெத்தினவேலின் அக்கா அம்சவல்லி.

"எங்க தம்பிக்குப் பொண்ணுதான் பாத்துக் கட்டி வச்சோம். இப்ப வீட்டுக்குள்ள ஒரு கழி நிக்குது."

"கழிதானே அண்ணி? துணி காயப் போடுங்க, நிழல்ல நிக்காம வெயில்ல வந்து நிக்கிறேன்."

இப்படி.

அப்புறம் ஒரு நாள் யாரோ ஒரு பெண்பிள்ளை, பெயர் வேண்டாம், மனசில் கிடந்த ஒரு விஷயத்தை அவளிடம் சொல்லி அழுதிருக்கிறது. தையலு கேட்டுவிட்டு, கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, "முழங்காலுக்கு மேல வச்சிட்டேன், போ" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்பிள்ளை வீட்டுக்கு வந்து படுத்து, ஒரு வருஷத்துத் தூக்கத்தை ஒரே பொழுதில் தூங்கி எழுந்தது. அவ்வளவுதான். அவள் வாசலில் வரிசை கட்டி ஆட்கள் நின்றார்கள். எக்ஸ்ரேயில் கோடாகத் தெரிந்தது அறைக்கும் அறைக்கும் நடுவே இருக்கிற சுவர், சுவரில் ஓட்டை கிடையாது, ஒருத்தர் விஷயம் இன்னொருத்தர் விஷயத்தோடு கலக்காது, வெளியேயும் வராது. ஒன்பது சுவர் என்றால் எட்டு அறை. எட்டுத் தெருவுக்கு எட்டு அறை என்று அவளே பங்கிட்டுவிட்டாள். அக்ரஹாரம் கழுத்துக்குக் கீழே. மரைக்காயர் தெரு விலாவில். செட்டித்தெரு தொப்புளுக்கு மேலே, கொத்தத்தெரு கீழே. சாரக்காரர்களான எங்கள் தெருவுக்குக் குதிகாலுக்கு மேலே இருக்கிற கடைசி அறை. மரியாதைக் குறைவு என்று சிலர் முணுமுணுத்தார்கள். மரம் நிற்பது அடிக்கணுவில்தான், முட்டாள்களா என்றேன். அடங்கினார்கள்.

புரட்டாசியில் தண்ணீர்த் தொட்டி வேலை வந்தது. ஊருக்கு நடுவே அறுபதடித் தொட்டி, பூச்சு முழுக்க உதிர்ந்து கம்பி தெரிய நின்றது. பன்னிரண்டு மூங்கிலைக் குத்துக்காலாக நிறுத்திச் சுற்றிச் சாரம். தையலு முதல் நாளே சும்மாட்டோடு வந்து நின்றாள். வேலைக்கு வந்திருந்த இன்ஜினீயர் தயானந்தன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தம்மாவ மேல ஏத்தாதீங்க மேஸ்திரி. உள்ள காலின்னு சொல்றாங்க. காலியா இருக்கறத நம்பி எப்படி வேலை பாக்கறது?"

அவர் அப்போது சாய்ந்து நின்றது ஒரு மூங்கில் மேல்.

நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். அதே பருமனில் உள்ளே கெட்டியான கட்டைமரம் வைத்தால் அது தாங்குகிற பலத்தில் பாதியை அதன் எடையே தின்றுவிடும் என்று. மூங்கிலில் நார் முழுக்கத் தோலை ஒட்டி நெருக்கியடித்து நிற்கிறது, உள்ளே போகப் போகப் பஞ்சு, நடுவே காற்று. ஏனென்றால் வளையும்போது இழுபடுவதும் நசுங்குவதும் வெளிப்பக்கம்தான், நடுவில் இருப்பது சும்மா இருக்கிறது, சும்மா இருப்பதை மூங்கில் வைத்துக்கொள்வதில்லை. வெறும் குழல் என்றால் நசுங்கிப்போகும், அதற்குத்தான் கணுவுக்குக் கணு ஒரு சுவர். எல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேசினால் நேரம் போகும், மழைக்கு முன்னால் வேலை முடிய வேண்டும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாரத்துக்கு எடுக்கிற ஒவ்வொரு மரத்தையும் மேஸ்திரி விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டிக் காதை வைப்பார். உள்விரிசல் இருந்தால் சத்தம் அழும். அழுதால் தூக்கிப்போடு. அழாவிட்டால் மேஸ்திரி "ஏறு" என்பார், மரம் ஏறும். மேஸ்திரி தட்டி ஏற்றியதை எவனும் மறுக்கக் கூடாது. அன்றைக்குத் தையலு தோளைக் கொஞ்சம் முன்னால் காட்டிக்கொண்டு என் முன்னே நின்றாள். தட்டுவேன் என்று நினைத்தாள். தட்டியிருந்தால் நல்ல சத்தம் வந்திருக்கும், வந்திருந்தால் நான் இன்ஜினீயரை எதிர்த்து நின்றிருக்க வேண்டும்.

"போ, நாளைக்குப் பாக்கலாம்" என்றேன்.

போனாள். அவளுக்கு அந்த வேலைதான் எல்லாம். எட்டுத் தெருவின் பாரத்தை அவளுக்குள் வைத்த ஊர் ஒரு சட்டிச் சாந்தை அவள் தலையில் வைக்கப் பயந்தது.

அவளைத் தட்டாமல் விட்டது முதல் தப்பு. இரண்டாவது தப்பு அதே வாரம். குத்துக்காலை எப்போதும் கணுவுக்கு ஒரு விரல் கீழேதான் அறுப்போம், அடிச்சுவர் மூடியாக நிற்க வேண்டும். ஆனால் மரத்துக்கு மரம் கணு ஒரே இடத்தில் இருக்காது, அதனால் பன்னிரண்டு காலும் பன்னிரண்டு உயரத்தில் நிற்கும், தட்டுக்கல் வைத்துச் சரிக்கட்டுவோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். தயானந்தன் இரும்புக் கிண்ணம் பன்னிரண்டு வரவழைத்திருந்தார், கால் ஒவ்வொன்றும் கிண்ணத்துக்குள் உட்கார வேண்டும், எல்லாம் ஒரே மட்டம்.

"ஒரே கோட்டுல அறுத்துடுங்க."

"கணு போயிடும்."

"அதான் இரும்பு இருக்கே மேஸ்திரி."

வாயை மூடிக்கொண்டேன். நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. ரம்பம் ஓடியது. அதிர்ஷ்டம், பதினொரு காலில் கோடு கணுவை ஒட்டி விழுந்தது. ஈசானிய மூலைக் காலில் மட்டும் நடுக்குழலில் விழுந்தது. அடியில் பார்த்தால் ஓட்டை, வாயைத் திறந்த மாதிரி. நானே தூக்கிக் கிண்ணத்தில் வைத்தேன்.

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அப்புறம் நானும் வரிசையில் போய் நின்றேன். அவள் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கண்ணை மூடித் திறந்தாள்.

"குதிகாலுக்கு மேல வச்சிட்டேன். ஆனா மேஸ்திரி, அந்தக் கால மாத்திடுங்களேன்."

"மாத்துனா ஏன் மாத்துனேன்னு கேப்பாங்க."

அவள் முறத்தைக் கீழே வைத்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எல்லாரையும் போல நானும் தூங்கினேன். அதுதான் மூன்றாவது தப்பு.

ஐப்பசி பதினேழாம் தேதி, நட்டநடு மத்தியானம், வேறு கரைக்குப் போகும் என்று ரேடியோவில் சொன்ன புயல் எங்கள் கரைக்கு வந்தது. தொட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த தட்டிகளைக் காற்று பிடிக்காமல் அவிழ்க்க வேண்டும் என்று ரெத்தினவேலும் இன்னும் நாலு பேரும் உச்சி அடுக்குக்கு ஏறியிருந்தார்கள். பாதித் தட்டி அவிழ்ந்தது. அதற்குள் காற்று திரும்பி எதிர்மூலையிலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளியது, ஈசானிய மூலைக் கால் அடியிலிருந்து பிளந்தது. பட்டாசு மாதிரி சத்தம். முதல் கணுச்சுவர் கொஞ்சம் தடுத்துப் பார்த்தது, விட்டது, இரண்டாவது தடுத்துப் பார்த்தது, விட்டது, மூன்றாவது விடவில்லை. அதற்குக் கீழே மரம் தேய்ந்த துடைப்பம் மாதிரி விரிந்து கிடந்தது. சாரம் முழுக்க ஒரு சாண் சரிந்தது. இறங்குகிற ஏணி அந்த மூலையில்தான். ஐந்து பேரும் மேலே குறுக்குமரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். இறங்கினால் சாரம் சாயும், இறங்காவிட்டாலும் சாயும்.

முட்டு கொடுக்க மரம் தேடி ஆட்கள் நாலு பக்கமும் ஓடினார்கள். தயானந்தன் இரும்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது தெருக்கோடியில் தையலு வந்தாள். தலையில் அம்மிக்கல், இடுப்பில் தாம்புக்கயிறு, கயிற்றின் மறுமுனையைக் கையில் நாலு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டு பின்னால் அம்சவல்லி. அந்தக் காற்றில் தையலு பட்டம் மாதிரி இழுத்தாள், அம்சவல்லி மாட்டை இழுப்பது மாதிரி இழுத்தாள், "விட்டேன்னா வேதாரண்யத்துலதான்டி போய் விழுவே, பாத்து நட!" என்று கத்திக்கொண்டே வந்தாள். கூட்டத்தில் யாரையும் ஒரு கேள்வி கேட்காமல், எந்தக் கால், எந்த மூலை என்று பார்க்காமல், தையலு நேராக ஈசானிய மூலைக்கு வந்து நின்றாள்.

"அறுங்க மேஸ்திரி. கணுவுக்கு ஒரு விரல் கீழ."

நான் அறுத்தேன். இந்தத் தடவை சரியாக அறுத்தேன். விரிந்ததெல்லாம் கீழே விழுந்தது. மூன்றாவது கணு அவள் தோளுக்கு அரைச் சாண் மேலே நின்றது. அவள் கிண்ணத்தைக் காலால் எத்திவிட்டாள், அம்மிக்கல்லை அங்கே போட்டாள், கல் மேல் ஏறினாள், கணுவின் கீழே தோளைக் கொடுத்தாள்.

பாரம் அவள் மேல் இறங்கியது. க்ர்ர்ர் என்றது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும், அது உடைகிற சத்தமில்லை, நார் எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கிற சத்தம். ஆனால் ஊருக்கு அது தெரியாது. எட்டுத் தெருவும் அங்கே கூடியிருந்தது, எட்டுத் தெருவின் விஷயமும் அவளுக்குள் இருந்தது, அவள் உடைந்தால் ஐந்து பேர் மட்டுமா விழுவார்கள். அக்ரஹாரத்து ஆட்கள் அவள் கழுத்தையே பார்த்தார்கள். மரைக்காயர் தெரு விலாவைப் பார்த்தது. ஒவ்வொரு க்ர்ர்ருக்கும் ஒரு தெரு முகம் வெளுத்தது, பக்கத்துத் தெரு காதைத் தீட்டியது. சாமியைக் கூப்பிட்டவர்கள் எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

"ஒவ்வொருத்தனா இறங்குங்கடா!" என்று கத்தினேன்.

முதல் ஆள் இறங்கினான். காற்று அடித்தது, அவள் இடுப்பில் வளைந்தாள், சாரம் அவளோடு வளைந்தது, காற்று விட்டது, அவள் நிமிர்ந்தாள், சாரம் அவளோடு நிமிர்ந்தது. இரண்டாம் ஆள். அவள் கால் கல்லில் ஊன்றியிருந்தது, குதிகாலில் சுவர் இருந்தது. மூன்றாம் ஆள். நாலாம் ஆள் பாதியில் பயந்து நின்றுவிட்டான், அம்சவல்லி கீழேயிருந்து அவன் அப்பன் பெயரைச் சொல்லி நாலு வார்த்தை விட்டாள், இறங்கினான். கடைசியாக ரெத்தினவேல், மேலடுக்கு அவன் பொறுப்பு, கடைசியாகத்தான் இறங்குவான். ஏணியின் கடைசிப் படியில் அவளுக்கு நேராக வந்ததும் நின்றான். என்ன பேசுவது என்று தெரியாதவன், பாவம்.

"உலை வச்சிட்டியா?" என்றான்.

"மொதல்ல இறங்குய்யா!"

இறங்கினான். ஆறு பேராகப் புது மரம் கொண்டு வந்து பக்கத்தில் நட்டோம். அடியில் கணு, கணுவுக்கு அடியில் தட்டுக்கல். கயிறு இறுகிய பிறகுதான் அவள் தோளை எடுத்தாள். மூன்று தடவை ஆடி, நான்காவது தடவை நேராக நின்றாள். ஒரு சொல் வெளியே சிந்தவில்லை. எட்டுத் தெருவும் மூச்சு விட்டது. அந்த மூச்சில் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த காக்காய்கள் பறந்தன என்று இப்போது சொல்கிறார்கள். புயலில் ஏது காக்காய்? இருந்தாலும் சொல்லட்டும். எங்கள் ஊர்க்காரி. கொஞ்சம் கூட்டிச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு.

நாலு நாள் கழித்துப் பெரிய ஆபீசர் வந்தார். தொட்டியடியில் நாற்காலி போட்டு விசாரணை. ஊர் சுற்றி நின்றது. தயானந்தன் மூங்கில் சரியில்லை என்றார், உள்ளே காலியான சாமான் இப்படித்தான் என்றார். ஆபீசர் தையலுவைக் கூப்பிட்டார்.

"பன்னெண்டு கால் இருக்கு. நீ யாரையும் கேக்காம அந்தக் காலுக்கு வந்து நின்னியாம். அது போகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"யார் சொன்னது?"

அவள் சாரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"சொல்லாட்டி உன் மேலதான் சந்தேகம் வரும். இனிமே எந்தச் சாரத்துலயும் கால் வைக்க முடியாது. புரியுதா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்தது. சும்மாட்டை இடுப்பில் செருகித்தான் வந்திருந்தாள், அன்றைக்கும்.

"என்கிட்ட வச்சத நான் எடுக்குறதில்லீங்க" என்றாள். "வச்சவங்கதான் எடுக்கணும்."

ஊர் அசையவில்லை. ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்வாள், ஒன்றைச் சொல்லாவிட்டால் எதையும் சொல்ல மாட்டாள், அது எட்டுத் தெருவுக்கும் தெரியும். அம்சவல்லி மட்டும் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "யாருடா அது? ஒரு கழிக்கு இருக்கிற முதுகு உங்கள்ல ஒருத்தனுக்கும் இல்லையா?"

நான் முன்னால் வந்தேன். முழங்கால் வலி, மெதுவாகத்தான் வந்தேன்.

"நான் சொன்னேன். அந்தக் காலுக்கு அடிக்கணு இல்ல. இவரு ஒரே மட்டமா அறுக்கச் சொன்னாரு. நான் தப்புன்னு தெரிஞ்சே அறுத்தேன். மூங்கில் மேல தப்பில்ல. எழுதிக்குங்க."

ஆபீசர் எழுதினார். தயானந்தன் தரையைப் பார்த்தார். என்னை ஒரு வருஷம் மேஸ்திரி வேலையிலிருந்து நிறுத்துவதாக எழுதினார்கள், நாளை முதல். நாளை முதல்தானே. இன்று நான் மேஸ்திரி.

"இங்க வா" என்றேன்.

தையலு வந்து நின்றாள். தோளைக் கொஞ்சம் முன்னால் காட்டினாள்.

விரல் முட்டியை மடக்கித் தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. காதை வைத்தேன். ஊரே காதை வைத்த மாதிரி நின்றது. சத்தம் உச்சியில் தொடங்கி, சுவர் சுவராக இறங்கி, ஏழு அறையிலும் கனமாகப் போய், கடைசி அறைக்கு வந்தபோது மட்டும் கொஞ்சம் லேசாக, கொஞ்சம் சுத்தமாகக் கேட்டது. அங்கிருந்து ஒன்றை எடுத்தாகிவிட்டதல்லவா.

அழவில்லை. எங்கேயும் அழவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு மரத்தை நான் தட்டியதில்லை.

"ஏறு" என்றேன்.

சும்மாட்டை உருவித் தலையில் வைத்தாள். அம்சவல்லி சாந்துச் சட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். ஏறினாள்.